திரும்பி வந்த டாலர்

இறக்குமதிக்காக வெளிநாட்டு சப்ளையருக்கு அனுப்பிய பணம் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் கம்பெனியிலிருந்து வரும் முதல் பேச்சு, "சார், இன்னைக்கே மறுபடி போட்டு விட்டுடுங்க" என்பதுதான். டிரேட் ஃபைனான்ஸ் டெஸ்க்கில், அதாவது ஏற்றுமதி இறக்குமதிப் பணத்தைக் கவனிக்கும் பிரிவில், இருப்பவர் அன்றைக்குச் செய்யக் கூடாத வேலையும் அதுதான். காரணம் தெரியாமல் அனுப்பினால் அதே இடத்தில் போய் முட்டித் திரும்பும். உண்மையிலேயே திரும்பியதா, நடுவழியில் நிற்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால் இரண்டு முறை போய்ச் சேரும். இரண்டாவதுதான் மோசம்: சப்ளையர் கணக்கில் ஏறிவிட்ட பணத்தை அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய வங்கி பொதுவாகத் திருப்பித் தராது.

அதனால் முதலில் ஸ்விஃப்ட் காப்பியில் (வங்கிகளுக்கு இடையே போன பேமென்ட் செய்தியின் நகலில்) உள்ள யு.இ.டி.ஆர். எண்ணை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் உரிய தனி அடையாள எண் அது. கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து. அதை ஸ்விஃப்ட்டின் பேமென்ட் டிராக்கரில் போட்டால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது, வழியில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது தெரியும். 'ஜி003' என்று காட்டினால் பணம் திரும்பவில்லை. பெறுபவரிடம் ஆவணம் கேட்டுவிட்டு அவருடைய வங்கி காத்திருக்கிறது என்று பொருள். சீனாவுக்குப் போகும் பணத்தில் இதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் சப்ளையரின் விற்பனை ஆள் "பணம் வரலை" என்று மெயில் போட்டிருப்பார். அவர் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு வங்கியிலிருந்து போன் வந்திருக்கும். இருவரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். இங்கிருந்து செய்ய வேண்டியது, இன்வாய்ஸையும் ஸ்விஃப்ட் காப்பியையும் அனுப்பி, "உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள்" என்று சொல்வது மட்டுமே.

நிஜமாகவே திரும்பியிருந்தால் ரிட்டர்ன் மெசேஜில் ஒரு காரணக் குறியீடு இருக்கும். ஏ.சி.01 என்றால் கணக்கு எண் தவறு, ஏ.சி.04 கணக்கு மூடப்பட்டது, ஆர்.சி.01 வங்கிக் குறியீடு தவறு, பி.இ.01 பெயரும் கணக்கும் பொருந்தவில்லை. எம்.எஸ்.03 வந்தால் கஷ்டம். வங்கி காரணத்தைக் குறிப்பிடவில்லை என்பதற்கான குறியீடு அது. அப்போது நம் வங்கி மூலமாக எதிர் வங்கிக்குக் கேள்வி அனுப்பித்தான் ஆக வேண்டும்.

ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் முறை இருக்கும் நாடுகளில் ஏ.சி.01 வந்தால் டைப்பிங் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஐபானில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வரும் இரண்டு இலக்கம் சரிபார்ப்புக்கானது. எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் 97-ஆல் வகுக்கும் கணக்கு இடித்துவிடும். அனுப்பும் இடத்திலேயே நிற்கும். அதைத் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தால், சப்ளையர் கொடுத்ததே பழைய கணக்காக இருக்கலாம். அமெரிக்காவிலும் சீனாவிலும் ஐபான் இல்லை. அங்கே ஒரு இலக்கம் மாறினால் கடைசி வங்கி வரை போய்த்தான் தெரியும்.

பெயர்தான் அதிகம் தொந்தரவு தருவது. பழைய ஸ்விஃப்ட் பேமென்ட் செய்தி வடிவமான எம்.டி.103-இல் ஒரு வரிக்கு 35 எழுத்து. 'டிரேடிங் எஸ்டாப்ளிஷ்மென்ட்' போன்ற நீளமான பெயர் பாதியில் அறுந்து முகவரி வரிக்குள் புகுந்துவிடும். 2025 நவம்பரில் வங்கிகளுக்கு இடையிலான பேமென்ட்கள் எம்.எக்ஸ். என்ற புது வடிவத்துக்கு மாறிவிட்டன; அதில் பெயருக்கு 140 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் நெட்பேங்கிங் படிவம் இன்னும் 35-இல் நிறுத்துகிறது என்றால் புது வடிவத்தால் பயனில்லை. முகவரியில் ஊர்ப் பெயரும் நாடும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். '&', '@' குறிகள் வேண்டாம்.

சப்ளையர் சீனாவில், கணக்கு ஹாங்காங்கில், அதுவும் வேறு கம்பெனி பெயரில் என்றால் அது பெயர்ப் பிழை அல்ல, மூன்றாம் நபர் பேமென்ட். பணத்தை இன்னாருக்குச் செலுத்த வேண்டும் என்று இன்வாய்ஸிலேயே எழுதியிருக்க வேண்டும். பேங்க் முத்தரப்பு ஒப்பந்தமும் கேட்கலாம்.

திரும்பி வரும் பணம் முழுதாக வராது. 20,000 டாலர் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். கரஸ்பாண்டன்ட் வங்கி (நடுவில் பணத்தைக் கைமாற்றும் வங்கி) 25 டாலர் பிடித்துக்கொண்டால் வருவது 19,975. போகும்போது டி.டி. செல்லிங் ரேட் (வங்கி டாலரை விற்கும் விலை), வரும்போது டி.டி. பையிங் ரேட் (வங்கி டாலரை வாங்கும் விலை), இரண்டுக்கும் 80 பைசா வித்தியாசம் என்றால் அதிலேயே கிட்டத்தட்ட 16,000 ரூபாய் போய்விடும். ஓரிரு நாளில் திருத்தி அனுப்ப முடியும் என்றால், ரூபாயாக மாற்றாமல் டாலராகவே வைத்திருக்க வழி உண்டா என்று பேங்க்கில் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம்.

பணம் திரும்பிய சேதி மெயிலில் ஓடும் அந்த இரண்டு மூன்று நாள்தான் ஏமாற்றுக்காரர்களுக்கு வாகானது. மெயிலை ஏற்கெனவே ஒட்டுப் படித்துக்கொண்டிருப்பவன் "எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்குப் போடுங்கள்" என்று எழுதினால் சந்தேகமே வராது. நாமே புது விவரம் கேட்டுக் காத்திருக்கிறோமே. மெயிலின் அடியில் உள்ள நம்பரைக் கூப்பிடக் கூடாது. பழைய ஆர்டர் பேப்பரில் இருக்கும் நம்பரில், பழகிய ஆளிடம் பேசி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அவரையே சொல்லச் சொல்ல வேண்டும்.

இறக்குமதிப் பணம் வெளியே போனதும் ரிசர்வ் வங்கியின் இறக்குமதிக் கண்காணிப்பு அமைப்பான ஐ.டி.பி.எம்.எஸ்-இல், வெளியே போன பணத்துக்கான ஓ.ஆர்.எம். என்று ஒரு பதிவு ஏறியிருக்கும். பணம் திரும்பினால் அது தானாக மூடாது. பணம் திரும்பியதற்கான ரிட்டர்ன் அட்வைஸையும் முதல் ஸ்விஃப்ட் காப்பியையும் சேர்த்து, அந்தப் பதிவை மூடச் சொல்லி பேங்க்குக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், சரக்கு வந்து, சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி இரண்டாவது பேமென்ட்டோடு பொருந்திய பிறகும் முதலாவது பாக்கியாகவே நிற்கும். அடுத்த முறை அட்வான்ஸ் அனுப்பப் போகும்போது பேங்க் முதலில் கேட்பது அதைத்தான்.