பரணில் கிடைத்த ஓவிய நோட்டு

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது என் ஒன்பதாம் வகுப்பு ஓவிய நோட்டு கிடைத்தது. அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. ஆனால் நான் அதில் வரைந்த தாமரைக்குளம் அப்படியே இருக்கிறது!

புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சித்தன்னவாசலைச் சொல்லத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை ஓவிய சார் எங்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், அங்கே பாறையில் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். தாமரை பறிக்கும் ஆட்கள், மீன்கள், யானைகள், எருமைகள். பென்சிலைத் தொடவே விடவில்லை. "முதல்ல நல்லா பாருங்கடா" என்றார். வகுப்புக்கு வந்து ஞாபகத்திலிருந்துதான் வரைய வேண்டும்.

நான் எல்லா இலைக்கும் டப்பாவில் இருந்த பச்சையையே பூசி வைத்திருந்தேன். சார் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சையில் துளி காவி கலந்து, ஒரே ஒரு இலைக்கு மட்டும் பூசிக் காட்டினார். சுண்ணாம்பு வெள்ளை, காவி என்று மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்களாலும் கரியாலும்தான் அந்தக் குளத்தையே வரைந்தார்கள் என்று பூசிக்கொண்டே சொன்னார்.

ஓவியத்துக்கு அரசு நடத்தும் லோயர் கிரேடு தேர்வு எழுத ஆசைப்பட்டேன். பத்தாம் வகுப்பில் ஓவிய பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம், நேற்று மகள் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்த இலை மட்டும் ஏம்ப்பா நெஜமா இருக்கு?"