பங்கா வராது, கணக்குல வரும்

மார்ச் 19, 2025, புதன்

ராமநாதபுரம் போய் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் உச்சிப்புளி திரும்பினேன். பிரிவது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிட்டோம், அதில் இனிப் பேச ஒன்றுமில்லை. நான் கேட்கப் போனது ஒரே கேள்வி. அடுத்த பிப்ரவரியில் அவருக்கு 58 முடிகிறது. பி.எஃப் பணம் மொத்தமாக வரும். இருபத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதில் பாதி உண்டா?

"அக்கா, பாதின்னு நம்ம சட்டத்துல இல்ல" என்றார். புருஷன் பேரில் இருப்பது புருஷனுடையது. பி.எஃப் ஆபீஸுக்கு எழுதி என் பங்கைப் பிரித்து வாங்கவும் வழி கிடையாதாம். 1952-ஆம் வருஷச் சட்டத்தின் 10-வது பிரிவு அந்தப் பணத்தை ஜப்தியிலிருந்தே காப்பாற்றுகிறது. எனக்கு இருப்பது ஜீவனாம்ச உரிமை. இந்து திருமணச் சட்டம், 25-வது பிரிவு. எவ்வளவு என்று தீர்மானிக்கும்போது அவருடைய வருமானம், சொத்து எல்லாவற்றையும் கோர்ட் பார்க்கும், பி.எஃப் உட்பட.

"பங்கா வராது, கணக்குல வரும்." பஸ்ஸில் வரும்போது இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

நியூஜெர்சியிலிருந்து அக்கா மகள் பேசினாள். "சித்தி, இங்க கோர்ட் ஆர்டரைக் கொடுத்தா பென்ஷன் திட்டத்துலயே பொண்டாட்டி பங்கைப் பிரிச்சுக் குடுத்துருவாங்க" என்றாள். 1984-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டதாம். நாற்பது வருஷமாக ஓர் ஊரில் நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்கக்கூடாது? சமைத்துப் போட்டு, பிள்ளை வளர்த்து, சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடித்தவளுக்கு அந்தச் சேமிப்பில் கை இல்லையா? இது நியாயமில்லை. எனக்கு மட்டுமில்லை, எந்தப் பெண்ணுக்கும்.

ஏப்ரல் 2, புதன்

பி.எஃப் பாஸ்புக்கைக் காட்ட மாட்டேன் என்று நின்றவர், இன்று கொழுந்தனிடம் அச்செடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டார். ஜீவனாம்ச மனு போட்டால் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. வக்கீலம்மா போனில் அதைச் சொன்ன மறுவாரமே தாள் வந்துவிட்டது.

மூன்று கட்டம். அவர் சம்பளத்தில் பிடித்தது, கம்பெனி போட்டது, பென்ஷனுக்குப் போனது. கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அடியில் மொத்தம் பதினேழு லட்சத்து நாற்பதாயிரம். இடையில் பணம் எடுத்த இடத்தில் எல்லாம் சைபர்.

அந்த சைபரைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. 2011-ல் மகனுக்கு ஆபரேஷன். பி.எஃப்-இல் முன்பணம் எடுக்க ஃபாரம் வாங்கி வந்தார். "வேணாங்க, அது வயசான காலத்துக்கு" என்று ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவள் நான். அதை மீட்க மூன்று வருஷம் கருவாடு காயப்போட்டேன். உப்புத் தண்ணீரில் விரலிடுக்கு வெடித்து, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவினால் எரியும். அடகு ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. வக்கீலம்மாவிடம் சொன்னேன். "அதை எடுத்துட்டு வாங்கக்கா, அது பேசும்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாம்பன் புதுப் பாலத் திறப்பு. ஊரே அந்தப் பக்கம். நான் பெட்டியைக் குடைந்து ரசீதை எடுத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். எனக்கும் வேலை குறைவு என்பதால் ராமநாதபுரம் போனேன்.

இன்று தெரிந்துகொண்டது கனமான விஷயம். 1995 பென்ஷன் திட்டத்தில், அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குப் பாதி பென்ஷன். விவாகரத்து ஆனால் அது எனக்குக் கிடையாது. அவர் மறுமணம் செய்தால் அந்தப் பெண்ணுக்குப் போகும். விவாகரத்து வேண்டாம், இந்து திருமணச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி கோர்ட் மூலம் பிரிந்து மட்டும் வாழலாம், கல்யாணம் சட்டப்படி நிற்கும் என்று வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். யோசித்தேன். அவர் சாவை எண்ணிக்கொண்டு நான் இருக்க வேண்டுமா? முடியாது. ஆனால் இழப்பது இழப்புதானே, அதையும் தொகையில் ஏற்றிக் கேளுங்கள் என்றேன். கையெழுத்துப் போடும் முன் இதை எத்தனை பெண்களுக்கு யாராவது சொல்கிறார்கள்?

ஏப்ரல் 29, செவ்வாய்

பேச்சுவார்த்தை. அவர் ஐந்து லட்சத்தில் நின்றார். நான் ரசீதை மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுக்கு வந்தது. மனு முடிவதற்குள் இரண்டு, பி.எஃப் வந்த முப்பது நாளில் ஆறு.

பணம் கைக்கு வந்தபின் மனசு மாறினால்? 25-வது பிரிவிலேயே வழி இருக்கிறதாம். தரவேண்டிய தொகைக்கு அவருடைய தோப்பின் மேல் பொறுப்பு ஏற்றலாம். பத்திர ஆபீஸில் பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றில் தெரியும். பிறகு யார் வாங்க வந்தாலும் என் ஆறு லட்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நாத்தனாருக்கு முகம் சுண்டியது. அவர், "எழுதிக்கங்க" என்றார்.

ஜூன் 11, புதன்

கோர்ட் விடுமுறை முடிந்து பரஸ்பர சம்மத விவாகரத்து மனு, அதே சட்டத்தின் 13-பி பிரிவு. இனி ஆறு மாதம் பொறுக்க வேண்டும். 2017-லிருந்து அதைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. எனக்கு அவசரமில்லை. ஒன்பதாவது பத்தியில் தோப்பின் சர்வே எண்ணும் ஆறு லட்சமும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்தேன். இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமையோடு தடைக்காலம் முடிகிறது. காயப்போடும் வலையைத் தைத்து வைக்க வேண்டும்.