ஹாஃப் இன்ஜின் வேலை பாத்தும் மிஸ்ஸிங் அடிச்ச 800, ஏற்காடு ரோட்டுல டெஸ்ட்

வண்டி 97 மாடல் மாருதி 800, கார்புரேட்டர், மூணு சிலிண்டர், 796 சிசி. ஓவர்ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் போனதால ஹெட்ட இறக்கி லேத்துல ஃபேசிங் போட்டு, வால்வு சீட் கட்டிங், லேப்பிங், வால்வு சீல், ரிங் செட், டைமிங் பெல்ட்னு எல்லாம் மாத்தியாச்சு. பில்லு எவ்ளோன்னு கேக்காதீங்க. வண்டி எடுக்கப் போனப்ப மெக்கானிக் அண்ணன் பானெட்ட தூக்கி வச்சு "பாருங்க தம்பி, ஒரு சத்தம் இருக்கா"ன்னாரு, நெஜமாவே சத்தம் இல்ல, தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு. அந்த அமைதிதான் வில்லன்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு.

கம்ப்ளைண்ட் மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் விட்டு விட்டு ஓடுறது. காலைல பச்சை இன்ஜின்ல, அதாவது ஆறி இருக்கும்போது அருமையா ஓடும், சேலம் அஸ்தம்பட்டி கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. ஏற்காடு ஏத்தத்துல மொத்தம் 20 ஹேர்பின், அதுல நாலஞ்சு தாண்டி இன்ஜின் நல்லா சூடானதும் செகண்ட் கியர்ல இழுக்காது, ஃபர்ஸ்ட் போட்டாத்தான் நகரும், பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன வச்சு அழுத்துவாரு, ஓரங்கட்டி நிறுத்துனா ஐடில்ல ஸ்டீயரிங் வரைக்கும் ஆட்டம். ஒரு மணி நேரம் ஆற விட்டா மறுபடி நல்ல புள்ளையா ஆயிரும்.

யார கேட்டாலும் கார்புரேட்டர்ங்கறாங்க. கிளீன் பண்ணு, கிட் மாத்து, புதுசே போடுன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னா வேலைக்கு விடறதுக்கு முன்னாடி அதே கார்புரேட்டர்தான் ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு. எங்க கை வச்சாங்களோ அங்கதான் மொதல்ல தேடணும்.

அதனால பொருள் எதும் வாங்காம அளந்து பாக்கலாம்னு சீலநாயக்கன்பட்டி ஃப்ரெண்டுகிட்ட இருந்து வாக்யூம் கேஜும் கம்ப்ரஷன் கேஜும் தூக்கிட்டு வந்தேன். வாக்யூம் கேஜ இன்டேக் மேனிஃபோல்டுல மாட்டுனா நல்ல இன்ஜின் ஐடில்ல 17ல இருந்து 21 இன்ச் (பாதரச அளவு) வரைக்கும் அசையாம காட்டணும், நம்மது 14ல நின்னுச்சு. முள்ளு ஆடாம கம்மியா நின்னா ஒண்ணு எங்கயோ காத்து இழுக்குது, இல்லன்னா டைமிங் லேட்டு. பெல்ட் கவர கழட்டி கிராங்க், கேம் ரெண்டு மார்க்கும் பாத்தேன், நேராத்தான் இருந்துச்சு. (ஹெட்ட ஃபேசிங் போட்டா கேம் ஷாஃப்ட் கிராங்க் பக்கம் ஒரு துளி எறங்கும், அதனால வால்வு டைமிங் கொஞ்சூண்டு லேட் ஆகும், ஆனா இவ்ளோ கெடுக்காது.) அப்புறம் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேய கார்புரேட்டருக்கு அடில, மேனிஃபோல்டு ஓரத்துலன்னு துளி துளியா அடிச்சுப் பாத்தா கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கற இன்சுலேட்டர் துண்டு கிட்ட அடிக்கும்போது மட்டும் ஆர்பிஎம் ஏறுது. அங்கதான் காத்து இழுக்குது. பழைய கேஸ்கெட்டையே பேஸ்ட் தடவி போட்டிருக்காங்க. இந்த ஸ்பிரே சூடான சைலன்சர் பைப்புல பட்டா குப்புனு தீப்புடிக்கும், பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷர் இல்லாம செய்யாதீங்க.

புது கேஸ்கெட் போட்டதும் கேஜ் 18 காட்டுச்சு. சந்தோஷமா மலை ஏறுனா அதே பழைய கதை! ஆனா இந்த தடவ கேஜ் மாட்டுனபடியே போனதால, ஓரங்கட்டி நிறுத்துனப்ப 60 அடி பாலத்துக்கிட்ட முள்ளு ஒரே தாளத்துல பொட்டு பொட்டுனு எறங்கி எறங்கி ஏறுறது தெளிவா தெரிஞ்சுது. அது காத்து லீக் இல்ல, ஏதோ ஒரு வால்வு ஒழுங்கா மூடல.

அங்கயே பிளக் வயர ஒவ்வொண்ணா புடுங்கி பாத்தேன். ஒண்ணாவது, ரெண்டாவது புடுங்குனா இன்ஜின் தடுமாறுது, மூணாவது புடுங்குனா ஒரு மாத்தமும் இல்ல. அதாவது ஏற்கனவே அந்த சிலிண்டர் வேலை செய்யல. வீட்டுக்கு வந்து சூடு ஆறதுக்குள்ள மூணு பிளக்கையும் கழட்டி, காயில் வயர எடுத்துட்டு, ஆக்சிலரேட்டர ஃபுல்லா மிதிச்சு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கற அழுத்தம்) பாத்தேன்: 170, 165, 100 பிஎஸ்ஐ. மறுநாள் காலைல பச்சையா பாத்தா 165, 160, 155. வேலை முடிஞ்சப்ப மெக்கானிக் அண்ணன் பச்சையா பாத்துட்டு கம்ப்ரஷன் ஓகேன்னு சொன்னதோட காரணம் இதுதான். மறுபடி சூடு பண்ணி மூணாவது சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி பாத்தேன், ரிங் லீக்னா நல்லா ஏறும், இங்க 105தான். ஹெட் கேஸ்கெட்னா பெரும்பாலும் பக்கத்து சிலிண்டரும் சேந்து எறங்கிருக்கும். அப்ப மிச்சம் வால்வுதான்.

ராத்திரி ஆற விட்டு டேப்பெட் கவர கழட்டுனேன். இந்த இன்ஜினுக்கு பச்சையா இருக்கும்போது இன்லெட் எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் வால்வு தண்டுக்கும் அத அமுக்கற ராக்கருக்கும் நடுவுல 0.13ல இருந்து 0.18 மில்லிமீட்டர் கேப் இருக்கணும். மூணாவது எக்ஸாஸ்ட்ல 0.05 ஃபீலர் (கேப் அளக்கற தகடு) கூட நுழையல! ரெண்டாவது எக்ஸாஸ்ட்ல 0.08. சீட் கட் பண்ணா வால்வு உள்ள எறங்கி அதோட தண்டு மேல ஏறும், கேப் கொறயும், புதுசா லேப்பிங் போட்ட சீட் ஓட ஓட இன்னும் கொஞ்சம் பதியும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டுல நீளும்போது கேப் இல்லன்னா ராக்கர்ல முட்டி நின்னுரும், சீட்டுல முழுசா உக்காராது. வால்வோட சூடு பெரும்பாலும் சீட் வழியாத்தான் எறங்கும், அதுவும் போச்சுன்னா வால்வு எரிய ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிருந்தா மறுபடி ஹெட்ட இறக்கணும்.

பிளக்க கழட்டி வச்சு, டாப் கியர்ல போட்டு வண்டிய லேசா தள்ளி தள்ளி, 1-3-2 ஃபயரிங் ஆர்டர்படி ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷன் டாப்புக்கு கொண்டு வந்து ஆறு வால்வையும் 0.15க்கு வச்சேன். லாக் நட்ட டைட் பண்ணும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால டைட் பண்ணப்புறமும் ஃபீலர விட்டு பாக்கணும், இழுத்தா மெல்லிசா ஒரு பிடிப்பு இருக்கணும். இப்ப டிக் டிக்னு சத்தம் வருது, கேப் இருந்தா வர்ற சத்தம், முன்னாடி அமைதியா இருந்ததே கேப் இல்லாததாலதான். மெக்கானிக் அண்ணன் அத கேட்டுட்டு "டேப்பெட் அடிக்குதே தம்பி, டைட் பண்ணி விட்டரவா"ன்னாரு, வேணாம்ணேன்னு கையெடுத்து கும்பிட்டு வந்துட்டேன்.

இன்னொரு சின்ன வேலையும் இருந்துச்சு. செத்த சிலிண்டரோட ஐடில் நிக்கணும்னு ஸ்பார்க் சீக்கிரமே வர்ற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர நல்லா அட்வான்ஸ் பண்ணி விட்டிருக்காங்க, இப்ப மூணு சிலிண்டரும் உயிரோட இருக்கறதால ஏத்தத்துல நாக்கிங். டைமிங் லைட் வச்சு மார்க்குக்கு கொண்டு வந்தேன், போச்சு.

நேத்து மறுபடி ஏறுனேன். 20 ஹேர்பின்னும் செகண்ட்லயே, கூட்டமா இருந்த வளைவுல மட்டும் ஃபர்ஸ்ட். மேல ஏரிக்கிட்ட கேஜ் 14 காட்டுச்சு, முள்ளு ஆடல. மொதல்ல பக்குன்னுச்சு, அப்புறம் கணக்கு போட்டு பாத்தா சரிதான், ஏற்காடு 1515 மீட்டர், சேலம் கிட்டத்தட்ட 280, வித்தியாசம் சுமார் நாலாயிரம் அடி, ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் கொறயும். காத்து மெலிசா இருக்கறதால மேல கொஞ்சம் பெட்ரோல் வாடை அடிக்குது, கார்புரேட்டர் வண்டில அது அப்படித்தான், மிக்சர் ஸ்க்ரூ சேலத்துக்கு செட் பண்ணபடி இருக்கட்டும். 500 கிலோமீட்டர் ஓடுனதும் டேப்பெட் கேப்ப மறுபடி பாக்கணும், ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச் லேட்டா போடுற மாதிரி இருக்கு, அடுத்து அத கழட்டணும்.