5254

கணித ரீச்சர் கரும்பலகையில் 5254 என்று எழுதிவிட்டுத் திரும்பினார். "இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்." நான் அவசரமாகக் காரணிப்படுத்தினேன்: 2, 37, 71. பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "ரெலிபோன் நம்பர்" என்றாள்.

அது தபால் சதுரங்கத்தின் எழுத்து; நகர்வுகளைத் தபாலில் எழுதி அனுப்பி ஆடும் ஆட்டம். வெள்ளைக் காய்களின் பக்கம் இருந்து பார்த்தால், இடப்பக்கமிருந்து ஐந்தாம் நெடுவரிசையில் இரண்டாம் கட்டத்தில் நிற்கும் சிப்பாய், அதே வரிசையின் நாலாம் கட்டத்துக்குப் போகிறது. அவ்வளவுதான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.

அன்றுதான் சதுரங்க வீராங்கனை ஒல்கா ரூப்ட்சோவாவின் பெயரை முதன்முதலில் கேட்டோம். ரீச்சரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, சோவியத் சஞ்சிகை ஒன்றிலிருந்து வெட்டிய அவருடைய படம் இருந்தது. 1909இல் மொஸ்கோவில் பிறந்தவர், படிப்பால் பொறியியலாளர், ஐந்து பிள்ளைகளின் தாய். 1927இல் சோவியத் ஒன்றியத்தின் முதலாவது மகளிர் சாம்பியன். அதே பட்டத்தை 1931, 1937, 1949 என்று இன்னும் மூன்று முறை எடுத்தார். உலகப் பட்டம் கிடைத்தது 1956இல், 47 வயதில். இரண்டே வருடத்தில் இன்னொரு சோவியத் வீராங்கனையான பைக்கோவாவிடம் அது போய்விட்டது.

சரி, பேரப்பிள்ளை பார்க்கும் வயது வந்துவிட்டதே என்று அவர் ஒதுங்கவில்லை. 1968இல் தொடங்கிய முதலாவது மகளிர் தபால் உலகப் போட்டியில் ஆடினார். நாலு வருடம் இழுத்த அந்தப் போட்டியில் பட்டம் ரூப்ட்சோவாவுக்கு. அடுத்த போட்டியில் அவரும் லோரா யாகோவ்லேவாவும் சம புள்ளி. சமநிலை முறிப்புக் கணக்கு யாகோவ்லேவா பக்கம் சாய்ந்தது. நேருக்கு நேர் ஆடியும் தபாலில் ஆடியும் உலகப் பட்டம் பெற்றவர், ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால்கூட, ரூப்ட்சோவா ஒருவர்தான். மகள் எலேனாவும் 1974இல் சோவியத் மகளிர் சாம்பியனானார். அந்த வீட்டில் சமையல் எப்போது நடந்ததோ!

அப்பாவுக்கு இடமாற்றம் வந்து என் சிநேகிதி மட்டக்களப்புக்குப் போனபோது, ரீச்சர்தான் எங்கள் இருவரையும் தபாலட்டையில் ஆட வைத்தார். பத்து நகர்வுக்கு முப்பது நாள். அட்டை வழியில் கிடக்கும் நாள் கணக்கில் இல்லை. தபால் முத்திரைத் திகதிதான் சாட்சி.

என் பத்தாவது நகர்வுக்குள் 28 நாளை யோசித்தே தீர்த்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. எழுதிய அட்டையைக் கையில் வைத்தபடியே, திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசல் தாண்டியதும் ஒரு மான் கிட்ட வந்தது. தடவிக் கொடுக்கக் குனிந்தேன். அட்டையில் பாதி அதன் வாயில். மிச்சத்தை நான் இழுக்க, அதையும் நிதானமாக மென்றது.

வேறு அட்டை எழுதிச் சேர்த்தபோது திங்கள். "முப்பத்தோராம் நாள், நீ தோல்வி" என்று பதில் வந்தது. மான் கதையை அவள் நம்பவேயில்லை. ரீச்சரிடம் நியாயம் கேட்டுப் போனேன். கேட்டுச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ரூப்ட்சோவா எண்டால் முதல்ல தபாற்கந்தோருக்குப் போய், பிறகுதான் கோயிலுக்குப் போயிருப்பா."