என் பேர் இருக்கா?

ஜனவரி 14, 2025

பொங்கல். பால் பொங்கும்போது அப்பா வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருந்தபடியே கேட்டார், "ஊர்லேர்ந்து சேதி வந்துச்சா?" தாத்தாவின் பழைய பென்ஷன் காகிதக் கட்டை இந்தியாவில் தேடச் சொல்லியிருக்கிறோம். இன்னும் இல்லை.

ஜனவரி 17

டயாலிசிஸ் மெஷினில் போடுமுன் அப்பாவின் எடை 61.8. இரண்டு நாளில் இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது. அத்தனையும் தண்ணீர். நர்ஸ் கோபித்துக்கொண்டார். ராத்திரி எழுந்து ஐஸ்கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார், எனக்குத் தெரியும். தடுக்க மனசு வருவதில்லை.

ஊசி குத்துகிற இடத்துக்கு மேலே விரலை வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரிகிறது. அதைத் தொட்டுக்கொண்டே கேட்டேன்.

"தாத்தா நேதாஜி பட்டாளத்துக்குப் போனாரா, சயாமுக்குப் போனாராப்பா?"

"சயாமுக்குப் போனவன் எத்தனை பேரும்மா திரும்பி வந்தான்?"

இது பதில் இல்லை. தெரிந்துதான் இப்படிச் சொல்கிறார்.

ஜனவரி 19

தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, சோறு போடுமுன் தாத்தா பிள்ளைகளை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் வரிசையாக நிற்க வைப்பாராம். "சாவ்தான்!" என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். "விஷ்ராம்!" என்றால் காலை அகட்டிக்கொள்ளலாம். "தாயேன் முட்" என்றால் வலப்பக்கம் திரும்பி வரிசையாக உள்ளே போய் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பாவுக்கு அது அவமானம். எனக்கு அதுதான் சாட்சி. சயாமில் தண்டவாளம் போட்டவருக்கு இந்துஸ்தானி கவாத்து எப்படித் தெரியும்? நேதாஜியின் பட்டாளத்தில்தான் தோட்டத்துத் தமிழர்களுக்கும் இந்துஸ்தானியில் கட்டளை.

1942, 43இல் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் உண்டு. பட்டாளத்தில் பேர் கொடுத்தால் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் உண்டு. தாத்தா எந்த வகையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். தெரிந்தால் போதும்.

ஜனவரி 23

நேதாஜி பிறந்தநாள். இந்தியாவில் ஊரிலிருந்து அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார், பூமாலையோடு. கட்டு என்னாச்சு அண்ணே என்று கேட்டேன். "தேடுறாங்க தங்கச்சி" என்றார்.

டில்லி ஆவணக் காப்பகத்துக்கு 1997இல் வந்து சேர்ந்த ஐ.என்.ஏ. (நேதாஜி பட்டாளம்) கோப்புகள் மட்டும் 990. இணையத்தில் பார்க்கக் கிடைத்த பட்டியல்களில் தாத்தா பெயரை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதித் தேடினேன். ஒரே பெயரில் இத்தனை பேரா! அப்பன் பேர் இல்லை, ஊர் பேர் இல்லை, தோட்டத்துப் பேரும் இல்லை. ராணுவத்திலிருந்து போனவர்களுக்காவது பழைய ரெஜிமெண்ட் நம்பர் இருக்கும். ரப்பர் பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுப் போனவருக்கு என்ன நம்பர்?

பென்ஷன் கட்டு ஒன்றுதான் வழி.

ஜனவரி 29

சீனப் பெருநாள். பக்கத்து வீட்டில் இரண்டு மணி வரை பட்டாசு. அப்பா ஒவ்வொரு வெடிக்கும் கண் திறந்து மூடினார்.

பிப்ரவரி 3

கிடைத்துவிட்டது!

அண்ணன் குரலே மாறியிருந்தது. துணியில் கட்டிய மூட்டைக்குள், ஓரமெல்லாம் பூச்சி அரித்து. தாத்தாதான், சந்தேகமே இல்லை, "சுங்கை சிப்புட், பேராக்" என்று மேலேயே எழுதியிருக்கிறதாம். நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், பத்து நாளாகும்.

அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதுல என் பேர் இருக்கான்னு பாரு" என்றார்.

பிப்ரவரி 4

"என் பேர் இருக்கா?" காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. இன்னும் வரலைப்பா, வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை வயதானாலும் பிள்ளை பிள்ளைதான் போலிருக்கிறது. விட்டுப்போன அப்பா தன்னை நினைத்தாரா என்று தெரிய வேண்டும்.

பிப்ரவரி 7

1970. தாத்தாவிடம் சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை), பாட்டியிடம் குடியுரிமை உள்ளவர்களின் நீலம். நீலம் இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்து, அறுபதாயிரம் பேர் போல இந்தியாவுக்குப் போனார்கள். ஒரே லயம், ஒரே அடுப்பு, இரண்டு நிறக் கார்டு. பாட்டி வரமாட்டேன் என்றுவிட்டார். தாத்தா பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். அப்பாவுக்குப் பதினேழு வயது. தகரப் பெட்டியை அவர்தான் தூக்கிப் போனார். பெட்டியைக் கொடுத்துவிட்டு, கப்பல் கிளம்புமுன்பே திரும்பி நடந்துவிட்டாராம். கையைக்கூடக் காட்டவில்லை.

தாத்தா 1986இல் இறந்தார். தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா மொட்டை போட்டுக்கொண்டார், அழவில்லை என்று அம்மா சொல்வார்.

பிப்ரவரி 11

தைப்பூசம். ஈப்போ குனோங் சீரோவுக்கு இந்த வருஷமும் போக முடியவில்லை. தம்பி மட்டும் பால்குடம் எடுத்தான்.

என்னவோ இன்று வாத்துத் தாத்தா நினைவு. லயத்தின் கடைசி வீடு. வாத்து வளர்த்ததால் எங்களுக்கு அந்தப் பேர்தான். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. என்னைப் பார்த்தால் கச்சாங் (கடலை) பொட்டலம் தருவார். "உன் தாத்தனும் நானும் ஒரே தட்டுல தின்னவங்க" என்பார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தானே என்று நினைத்துக்கொள்வேன். 1991இல் போய்ச் சேர்ந்தார். அந்த லயமும் இல்லை இப்போது, முழுக்கச் செம்பனை.

பிப்ரவரி 14

வந்துவிட்டது. நாலு பக்கம். அப்பா மெஷினில் தூங்கிக்கொண்டிருந்தபோது போனில் விரித்துப் பார்த்தேன்.

முதல் பக்கம் ஆங்கிலப் படிவம், யாரோ நிரப்பிக் கொடுத்தது. 1972ஆம் வருஷத்து சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டம். சேர்ந்த இடம் ஈப்போ, 1943. பிடிபட்ட இடம் ரங்கூன், 1945 மே. நேதாஜி ஏப்ரல் 24 ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது ஜெனரல் லோகநாதன் பொறுப்பில் ஐந்தாறாயிரம் பேர் போல அங்கேயே விடப்பட்டார்களே, அதில் என் தாத்தா ஒருவர். ரங்கூன் சிறை, ஒன்பது மாதம். ஆறு மாதம் இருந்தால் போதும் பென்ஷனுக்கு. அந்தக் காலத்து 200 ரூபாய்.

சாவ்தான். சாவ்தான் தாத்தா.

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மூன்றாம் பக்கம் குடும்ப விவரம். அப்பா பெயர் இருக்கிறது! "மகன், வயது 20, மலேயாவில் தோட்ட வேலை." தமிழில், அவர் கையெழுத்தில். "மகன்" என்பதில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

நாலாம் பக்கம் தாத்தா எழுதிய மனு. உடன் சிறையிருந்த இருவரின் சான்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கொடுத்துவிட்டார். "ஐயா அவர்களுக்கு, மற்றொருவர் மலேயாவில் என் மகன் குடியிருக்கும் லயத்திலேயே இருக்கிறார். அவரிடம் கையொப்பம் பெற்று அனுப்பும்படி மகனுக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. இன்னும் சில மாதம் தவணை தர வேண்டுகிறேன்."

கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி. சான்று வராததால் நிராகரிக்கப்பட்டது.

கடைசி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஏழு வீடு.

பிப்ரவரி 15

அம்மாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். நீல ஏர்மெயில் வருமாம். பாட்டி பார்க்குமுன் அப்பா வாங்கி அடுப்பில் போட்டுவிடுவாராம், பிரிக்காமலே. "காசு கேட்டுத்தான் எழுதியிருப்பாருன்னு நெனச்சாரு" என்றார் அம்மா.

எல்லாவற்றையுமா பிரிக்காமல் போட்டார்?

பிப்ரவரி 17

எடை 62.4. கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன்.

பிப்ரவரி 18

பதினாறு வருஷம் அங்கே எதை வைத்துச் சாப்பிட்டார்? அண்ணனிடம் கேட்டேன். ஆடு மேய்த்தாராம்.

அப்பா மேல் கோபம் வருகிறது. மருந்து டப்பாவில் நாள்வாரியாக மாத்திரை பிரித்துப் போடும்போதே வருகிறது. இருபது வயசுப் பையன், தகப்பனில்லாமல் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் பேர் கூப்பிடும் வரிசை) போனவன் என்றும் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே வருகிறது, நான் என்ன செய்ய.

பிப்ரவரி 19

மெஷினில் போட்டு ஒரு மணி நேரமிருக்கும். கண்ணை மூடியபடியே சொன்னார்.

"வந்துடுச்சுல்ல."

நான் பேசவில்லை.

"என் பேர் இருக்கா?"

"இருக்குப்பா. மகன்னு எழுதியிருக்காரு."

"அது இருக்கும்மா. கடுதாசி போட்டதைப் பத்தி ஏதாச்சும் இருக்கா?"

ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. அசைத்துவிட்டார், மெஷின் கத்தத் தொடங்கியது, நர்ஸ் ஓடி வந்தார்.