அம்மாவின் பித்தளைக் குடம்

நவம்பர் 8, சனி

தூறல் நிக்கவே இல்லை. டியூஷனுக்கு ஆறு பேர்தான். பிளஸ் டூ தொகையிடலில் (இன்டக்ரேஷன்) வளைவரையைச் சுழற்றிக் கன அளவு காணும் பகுதி. ‘பை ஒய் ஸ்கொயர் டி எக்ஸ்’ (πy² dx) என்று போர்டில் எழுதினதும் எல்லாரும் காப்பி பண்ணிக்கிட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும், “ஏனுங் சார், அந்தப் பை எங்கிருந்துங் வந்துச்சு?”

நல்ல கேள்வி. சமையல்கட்டுக்குப் போய், அம்மாவுக்குச் சீரா வந்த, பாத்திரத்துக்குப் பேர்போன திருப்பூர் அனுப்பர்பாளையத்துக் குடத்தைத் தூக்கிட்டு வந்தேன். இதை முள்ளங்கி மாதிரி வில்லை வில்லையா நறுக்குனா ஒவ்வொரு வில்லையும் வட்டம்தானே? ஒய்ங்கிறது ஆரம், அந்த வட்டத்தோட பரப்புதான் பை ஒய் ஸ்கொயர், டி எக்ஸ் வில்லையோட கனம்.

நவம்பர் 9, ஞாயிறு

நூலும் ஸ்கேலுமா உக்காந்தோம். உயரம் 30 செ.மீ. அடியிலிருந்து 5 செ.மீ.க்கு ஒருக்கா சுற்றளவு: 50, 76, 90, 94, 86, 58, 40. அதை 2 பையால வகுத்தா ஆரம்.

அந்தப் பொண்ணு ஏழையும் கூட்டிச் சராசரி எடுத்து, குடத்தையே ஒரு உருளையாக்கி 11.9 லிட்டர்னுட்டா. அது ஏன் தப்புன்னு காட்ட, ஆரம் 1, 3 என்று ரெண்டு வில்லை எடுத்துக்கச் சொன்னேன். சராசரி 2, அதன் வர்க்கம் 4. வர்க்கங்கள் 1, 9. அதுகளோட சராசரி 5. கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு, “முதல்ல வர்க்கம், அப்புறந்தான் கூட்டலுங்களா?” என்றாள். அதேதான். வர்க்கங்களுக்கு வெவ்வேறு எடை குடுத்துக் கூட்டுற சிம்ப்சன் விதியில் போட்டா 14.19 லிட்டர்.

“ஊத்திப் பாத்தா ஆச்சு, இதுக்கு எதுக்குடா நூலு?” இது அம்மா. ஊத்தினோம். 13.9தான் புடிச்சது!

எல்லாருக்கும் மூஞ்சி தொங்கிருச்சு. அப்புறந்தான் எனக்கே உறைச்சது: நூலைச் சுத்துனது வெளிப்பக்கம். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் வாங்கி விளிம்பை அளந்தா கனம் 1 மி.மீ. அந்தப் பித்தளையே கிட்டத்தட்ட 280 மில்லி இடத்தைப் புடிச்சிருக்குது.

தண்ணி கறிவேப்பிலைக்குப் போச்சு.

நவம்பர் 11, செவ்வாய்

கோள்களோட பாதையைக் கணக்குப் போட்ட வானியலாளர் கெப்ளர் கதை சொன்னேன். 1613இல் ரெண்டாம் கல்யாணம் முடிச்ச கையோட, ஆஸ்திரியாவுல லின்ஸ் ஊரில் இருந்த அவரோட வீட்டுக்கு ஒயின் பீப்பாய் வந்துச்சு. வியாபாரி நடு ஓட்டையில் கோலைச் சாய்வா விட்டு, நனைஞ்ச நீளத்துக்கு விலை சொன்னான். பீப்பாய் குட்டையோ நெட்டையோ, ஒரே கோல்தான்! மனுசனுக்குச் சந்தேகம் விடலை. பீப்பாய்க் கணக்குக்குன்னே 1615இல் ஒரு புத்தகம் போட்டார். தொகையிடலுக்கு அடித்தளம் போட்ட நியூட்டன் அப்போ பொறக்கவே இல்லை.

“அந்த ஆளும் எங்களாட்டத்தானுங்” என்றான் ஒருத்தன். அடுத்து ஒடுக்கு விழுந்த சொம்பு கொண்டு வர்றானாம். அதுல வட்டமே வராதேடான்னேன். “அதுக்குத்தானுங் சார்.”