அந்த 30 வினாடி
போலீஸ் சட்டையில் கேமரா மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம்தான் நினைவுக்கு வரும். 2017 ஜனவரி. ஒரு போலீஸ்காரர் குப்பைக்குள் கிடந்த டப்பாவில் போதைப்பொருள் பொட்டலத்தை வைக்கிறார். தெருவுக்கு வந்து கேமராவை ஆன் செய்கிறார். அப்புறம் திரும்பிப் போய், தேடித் தேடி அதையே 'கண்டுபிடிக்கிறார்'. நல்ல நடிப்பு! ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 30 வினாடியையும் அந்தக் கேமரா ஒலியில்லாமல் சேமித்து வைத்திருந்தது. மாட்டிக்கொண்டார். 2018இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது.

அந்தப் பட்டன் ஏன் போலீஸ்காரர் விரலிலேயே இருக்கிறது?

2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், போலீஸ் பிடியில் இறந்துபோன கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் பிடித்த போலீஸாரும் கேமரா மாட்டித்தான் இருந்தார்கள். உலகம் முதலில் பார்த்தது என்னவோ 17 வயதுப் பெண்ணின் செல்போன் வீடியோவைத்தான். போலீஸ் கேமராப் பதிவு வெளியே வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.